பழைய வெர்ஷன்

ரெஜிஸ் தலையைச் சொறிந்து முடித்துக் கையை இறக்கிய பிறகுதான், திரையிலிருந்த ரெஜிஸ் சொறிவதற்குக் கையைத் தூக்கினார்.

"சனியன்!"

கல்லூரிப் பழைய மாணவர் சங்கத் தலைவர் தேர்தல். உறுப்பினர்கள் துபாய், துறையூர் என்று சிதறிக் கிடப்பதால் ஓட்டெடுப்பு ஆன்லைனில். எதிரே நிற்பவர் அமிர்தசாமி. அந்த ஆளிடம் தோற்றால் புத்தூரில் தலைகாட்ட முடியாது. அதற்காகத்தான் இந்தச் சாயங்கால வெக்கையிலும் கேமராவுக்குத் தெரிகிற பாதியில் கோட்டும், தெரியாத பாதியில் கைலியுமாக வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். வெப்கேம் மென்பொருளின் புது வெர்ஷனோ இந்தக் கம்ப்யூட்டரில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டது. கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்த ஆசாத்தைப் போனில் பிடித்தார்.

"சார், அந்த டப்பாவுல புதுசு ஓடாது. நான் அனுப்புன பழசுதான் தாங்கும். படம் கொஞ்சம் லேட்டா வரும்."

"டப்பாவா? ரிட்டயர்டு பிரின்சிபால் வீட்டு கம்ப்யூட்டர்ப்பா இது!"

"அதுவும் ரிட்டயர் ஆயிருச்சு சார். படத்தோட குவாலிட்டியக் குறைங்க, வேகம் புடிக்கும்."

குறைத்தார். முகம் கட்டம் கட்டமாகச் சிதைந்தது. மனைவி ரோசம்மாள் கோயிலுக்குப் போயிருந்த அந்த வீட்டில், கம்ப்யூட்டருக்குள் இருந்த விசிறி நெஞ்சுச் சளிக்காரனைப்போல இழுத்து இழுத்து மூச்சுவிட, சூடேறிய தூசியின் நாற்றம் மேசைக்கடியிலிருந்து கிளம்பிக் கைலிக்குள் ஏறியது. இன்னும் குறைத்தார். படம் அவரோடு சேர்ந்துகொண்டது.

"அப்படி வா வழிக்கு" என்றார். அதற்கு முன்பே திரையிலிருந்த உதடுகள் அதைச் சொல்லி மூடியிருந்தன.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டார். கூட்டம் தொடங்கியது. படம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. ஒரு நொடி கழித்து அவர் கை கண்ணாடிக்குப் போனது. அவர் போகச் சொல்லவில்லை.

இனி அசையக்கூடாது. உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் செருகினார். படம் கோட்டுக் காலரைச் சரிசெய்தது. இந்த முறை நான்கைந்து நொடி கழித்துக் கைகள் தாமாக வெளியே வந்தன. காலரைச் சரிசெய்தன.

கேமராவை நிறுத்திவிடலாம். ஆனால் பாதியில் திரையிலிருந்து மறையும் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகியதாக அர்த்தம். அமிர்தசாமி தெருவில் அடிக்கடி கரண்ட் போகும் என்று தெரிந்து, போராடி அந்த விதியைச் சேர்த்தவரே இவர்தான்.

"ரெஜிஸ் சார் லீடிங்!" தேர்தலை நடத்திய ஸ்டீபன்ராஜ் கத்தினார். "ஒரே நிமிஷம் சார், அப்படியே இருங்க!"

இருந்தார்.

படம் சிரித்தது. கைகளைத் தூக்கியது. தன் கழுத்தைப் பிடித்தது. இறுக்கியது. கட்டங்கள் கறுத்தன. சிரிப்பு மாறவில்லை. தலை மார்பில் தொங்கியது.

"ஜெயிச்சிட்டாரு! தலைவர் எப்படி வணங்குறாரு பாருங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

ஸ்விட்சை அமுக்கக் கையை நீட்டப் பார்த்தார். வரவில்லை. எழப் பார்த்தார். கால் இல்லாததுபோல் இருந்தது. வாய் மட்டும் இரண்டு பக்கமும் இழுபட்டு அகன்றது. சிரிப்பு.

மேசையிலிருந்து அவருடைய இரண்டு கைகளும் மெல்ல எழுந்தன.