பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு

அறிவிப்பு வண்டி ஓட்டும் மைக்காரருக்கு முதலில் உறுத்தியது எதிரொலிதான்.

பாறையை ஒட்டிய தெருவில் வண்டியை ஊர்கிற வேகத்தில் விட்டுக்கொண்டு, ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறு கையில் மைக்குமாக, "இன்னும் சற்று நேரத்தில் குவாரியில் வெடி வைக்கப்படுகிறது, அனைவரும் உடனே வீட்டைவிட்டு வெளியேறிப் பள்ளிக்கூட மைதானத்துக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று அவர் சொல்லி முடித்த பிறகும், பாறையில் பட்டுத் திரும்பிய அவர் குரல் முடியாமல் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் நின்றது. என்ன பேசியது என்று பிடிபடவில்லை. தலையை வெளியே நீட்டிக் கூரைமேல் கட்டியிருந்த ஹாரனைப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயரில் ஏதோ கோளாறு, நாளைக்குப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பி, துணிக்கொடி, வேலி இலை எல்லாவற்றின் மேலும் கல்தூள் படிந்து, தெருவே சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டீசல் புகையும் தண்ணீர் தெளித்த மண்ணின் வாடையும் கலந்து தொண்டையை அடைத்தது.

இந்தத் தெருவில் அவருக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வெடி நாட்களில் பையும் பிள்ளையுமாக வெளியே வருவார்கள், வண்டியைத் தாண்டும்போது காறித் துப்பிவிட்டுப் போவார்கள். துப்பட்டும். அவர் செய்த காரியம் அப்படி. குவாரி வேண்டாமென்று ஊரே திரண்டு, லாரிப் பாதையில் பெண்கள் முறைவைத்து மறியலுக்கு உட்கார்ந்திருந்த சமயத்தில், மக்களிடம் கருத்துக் கேட்க அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, யாரும் வர வேண்டியதில்லை என்று தெருத் தெருவாக வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு போனவர் இவர்தான். கூட்டம் நடந்தது. ஊர்க்காரர் ஒருவரும் இல்லாத மண்டபத்தில் உட்கார்ந்து, யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வண்டி குவாரி முதலாளி அதற்காக வாங்கிக் கொடுத்தது. ஏறி உட்காரும்போதெல்லாம் அவருக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. உட்காராமலும் இருந்துவிடவில்லை.

மறியலில் முன்னால் நின்றவள் அவருடைய மகள். இதே தெருவில், பாறைக்கு நேர் எதிரே உள்ள கடைசி வீட்டில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. போன முறை வெடித்தபோது பறந்து வந்த கல் அவள் அடுக்களைக் கூரையைப் பொத்துக்கொண்டு அடுப்பின்மேல் விழுந்தது. அறிவிப்பைக் கேட்டு மைதானத்துக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். அதனால்தான் ஊர் துப்பினாலும் இந்த வேலையை அவர் விடவில்லை. அவளை வெளியே கொண்டுவரத் தன்னிடம் மிச்சமிருப்பது இந்தக் குரல் ஒன்றுதான்.

இன்றைக்கு யாரும் வெளியே வரவில்லை.

திகைத்துப்போய் வண்டியை நிறுத்தினார். எதிர் வீட்டு வாசலில் நின்ற தையல்காரர், போன வாரம்வரை இவரைக் கண்டாலே கதவைச் சாத்துகிறவர், கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

"ரொம்ப நாள் கழிச்சு நல்ல சேதி சொன்னீங்க."

"என்ன நல்ல சேதி? வெடி வைக்கப் போறாங்க. குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

"அதான் கேட்டோமே. இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கப் போறோம்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனார். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

மைக்காரர் என்ஜினை அணைத்தார். மைக்கை வாயருகே வைத்து, ஒவ்வொரு சொல்லாக, வெடி, வெளியே வாருங்கள் என்றார். காது கொடுத்துக் கேட்டார். பாறையிலிருந்து அவருடைய குரல் தெளிவாக வந்தது. குவாரி இன்றோடு மூடப்படுகிறது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். நிம்மதியாக வீட்டுக்குள் இருங்கள்.

அன்றைக்குப் பொய் சொன்னபோது இருந்த அதே குழைவு.

ஆம்ப்ளிஃபயர் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். தெரு காலியாகிவிட்டது என்று இவர் போன் செய்த பிறகுதான் வெடிக்காரர் பொத்தானை அழுத்துவார். அவரைக் கூப்பிட்டார்.

"போடாதீங்க. ஒருத்தர்கூட வெளிய வரல."

"சரிண்ணே. எல்லாரும் போயாச்சுல்ல? உங்க பொண்ணு?"

"உள்ளதான்யா இருக்கா. போடாதே. கேக்குதா, போடாதே."

"நல்லதுண்ணே. அவங்களும் போயாச்சுன்னா சங்கு ஊதிடறேன்."

போன் அணைந்தது. வெடி வைக்கும்போது போனை அணைத்துவிடுவதும், சங்கு ஓய்ந்ததும் பொத்தானை அழுத்துவதும் வெடிக்காரர் வழக்கம். கூப்பிடாமல் இருந்திருக்கலாம். கூப்பிடாமலே இருந்திருந்தால் அவர் காத்துக்கொண்டு இருந்திருப்பார்.

ஓடினார். செருப்பு எங்கோ கழன்றது.

மகள் வாசலிலேயே நின்றாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு. அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கப்பா."

அந்தச் சொல்லுக்காக அவர் எத்தனை இரவு ஏங்கியிருப்பார். இப்போது அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் சில்லிட்டது.

"வெளிய வாம்மா. வெடிக்கப் போகுது."

"கேட்டேம்ப்பா. உங்க வாயாலயே கேட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "அழாதீங்க. போனது போகட்டும், உள்ள வாங்க."

சங்கு ஊதியது.

அவள் நெற்றி சுருங்கியது. "இது எதுக்கு ஊதுறாங்க?"

பேசக் கூடாது. அவருக்கு அது சட்டென்று உறைத்தது. வாயைத் திறந்தால் தொலைந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு பாறையைக் காட்டினார். அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். அவள் வாசற்படி இறங்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் போலிருந்தது. இன்னொரு படி.

தெருமுனையில், ஒயர் பிடுங்கிய ஹாரன் பேசியது.

பயப்பட வேண்டாம். இதுதான் கடைசிச் சங்கு. உள்ளே போம்மா, அப்பா சொல்கிறேன்.

மகள் திரும்பி வண்டியைப் பார்த்தாள். சுருங்கிய நெற்றி விரிந்தது. "ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கீங்களா? ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "நீங்களும் வாங்க." உள்ளே போனாள்.

தெரு நெடுகக் கதவுகள் சாத்தப்பட்டன. ஒவ்வொன்றாக. தாழ்ப்பாள் விழும் சத்தம். சிறுபிள்ளைகளின் சிரிப்பு.

சங்கு நின்றது.

அவர் இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். அவருடைய குரல் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி நன்றி தெரிவித்துக்கொண்டிருந்தது.