பெட்டிக்குள் அரை டம்ளர் தண்ணீர்

கடலுக்குள் முங்கிப் படம் எடுப்பவர் ஒருவர் பம்பு ரிப்பேர் கடைக்கு வந்து, மேசைமேல் ஒரு பெட்டியை வைத்தார். வீட்டில் செய்த பெட்டி. தடித்த பிளாஸ்டிக் குழாய், முன்னால் கண்ணாடித் தகடு, பின்னால் மூடி, மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், இறுக்க இரண்டு கிளிப், பக்கத்துக்கு ஒரு விளக்கு. உள்ளே கேமரா செத்துக் கிடந்தது. அடியில் அரை டம்ளர் தண்ணீர்.

தண்ணீரை அவர் கொட்டவில்லை. சாட்சியாம்.

பெட்டியைச் செய்தவன் அவர் மனைவியின் தம்பி. முந்தாநாள் அவனே மூடியை மாட்டிக் கடலில் இறங்கினான். நாற்பது படம் எடுத்து, மேலே வந்து, படகிலிருந்த இவரிடம் நீட்டினான். உப்புப் போகட்டும் என்று வழக்கம்போல நல்ல தண்ணீர் வாளியில் போட்டதாகப் படக்காரர் சொன்னார். வீட்டில் திறந்தால் இந்தக் கோலம், மூடி சரியாக இறுகாதபடி ரப்பர் வளையத்தில் ஒரு மஞ்சள் நூல். போன வாரம்தான் இரண்டு பேருக்கும் சண்டை. வேண்டுமென்றே வைத்திருக்கிறான் என்று வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் அவனுக்குப் பஸ். மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை.

"நூலை வச்சது அவன்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். ஒழுகல் விஷயத்துல உங்க பேச்சை அவ நம்புவா."

அடுத்த கடை டெய்லருக்கு வம்பென்றால் ஊசியும் நூலும் கீழே. ஓடிவந்து நின்றார். "சந்தேகமே இல்ல. மச்சான் வேலைதான்."

"நீங்க அளவெடுக்காமயே வெட்டுறீங்க" என்றார் பம்புக்காரர். மனிதர்கள் சொல்வதை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. பெட்டிக்குள் விரலை விட்டார், நாக்கில் வைத்தார். டெய்லர் முகத்தைச் சுளித்தார்.

"உப்பு இல்ல."

படக்காரருக்குப் புரியவில்லை.

"நூலோட கடல்ல இறங்கியிருந்தா உப்புத் தண்ணிதான் உள்ள வந்திருக்கும். நாற்பது படமும் எடுத்திருக்க முடியாது. கடல்ல இந்தப் பெட்டி ஒரு சொட்டு விடல. வாளியிலதான் விட்டிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மூடியத் தொறந்தது யாரு?"

டெய்லர் நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு படக்காரரின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். அதன் ஓரம் பிரிந்திருந்தது, மஞ்சளாக.

"அண்ணே, இது உங்க துண்டு நூல்."

அப்போதுதான் படக்காரருக்கு ஞாபகம் வந்தது. படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்திருக்கிறார். ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள் படகோட்டி கயிறு பிடிக்கக் கூப்பிட, அப்படியே மூடி வாளியில் போட்டுவிட்டார். அதைத் திறந்த கணக்கிலேயே அவர் சேர்க்கவில்லை.

"அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"தான் செஞ்ச பெட்டி ஒழுகிடுச்சுன்னு அவன் அங்க நொந்துபோய் உக்காந்திருப்பான். மொதல்ல பெட்டி மேல தப்பில்லன்னு சொல்லுங்க. மன்னிப்பு அப்புறம்."

படக்காரர் போனை எடுத்தார்.

"மச்சான், பெட்டி கடல்ல ஒரு சொட்டு விடல. உள்ள இருந்தது வாளித் தண்ணி."

பெட்டியைச் செய்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்போ மூடியத் தொறந்தது யாரு, மாமா?"

"நான்தான்டா" என்றார் படக்காரர். "பஸ் ஏறாத. நான் வரேன்."