தடுப்புப் பயிற்சி

கணவன் சம்பத் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்பதை யோகேஸ்வரி அந்த வெள்ளிக்கிழமை மதியம் சோறு பரிமாறும்போதுதான் உறுதிப்படுத்திக்கொண்டாள். ரசம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றான். கண் அவள் இடுப்பில் நின்றது. ஆசைப் பார்வை இல்லை. பத்து வருஷத்தில் அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது தராசு முள்ளைக் கவனிக்கிறவனின் பார்வை. கரண்டி எடுக்க அவள் லேசாகச் சாய்ந்தாள். அவள் சாய்ந்த பக்கமே அவனுடைய நாற்காலியும் ஒரு விரற்கடை நகர்ந்தது.

நாலாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே கேளம்பாக்கத்து உப்பளங்கள் மழையில் கரைந்துகொண்டிருந்தன. கதவுகளை மூடியிருந்தும் உப்புக் காற்று உள்ளே வந்தது. அதோடு இன்னொரு வாசனையும், புது ரப்பரின் வாசனை. எங்கிருந்து என்று ஒரு வாரமாகத் தேடுகிறாள்.

வேலையை விட்டபிறகு பொழுது போக அவள் பிடித்துக்கொண்டது ஒரு இணைய விளையாட்டு. கூடைப்பந்து அணி ஒன்றை நிர்வகிக்க வேண்டும். பந்தைத் தொட வேண்டியதில்லை. ஆட்டக்காரர்களை எடுப்பது, இறக்குவது, வாரத்துக்கு ஒரு திறமையைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்தத் தளம் கணக்குப் போடும். ஆட்டத்தில் இறங்கியவனுக்குப் பயிற்சி ஏறும், பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு ஏறாது. புது உத்தரவு கொடுக்காவிட்டால் பழைய உத்தரவே ஓடும்.

ஆட்டக்காரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். நெட்டையான ஒரு சோம்பேறிக்கு அவள் சம்பத் என்று வைத்தாள். வாடகைக்குத் தங்கியவன் மாதிரி வீட்டுக்கு வந்துபோகும் மனுஷனை இங்கேயாவது திருத்தலாமே என்ற விளையாட்டுப் புத்தி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒன்பது வயசு மகள் திவ்யா, என் பேரும் போடு என்று அடம்பிடித்தாள். பெஞ்சிலிருந்த ஒரு பொடியனுக்கு அந்தப் பெயரை வைத்தாள்.

முதலில் சம்பத்துக்குப் பந்தைக் கைமாற்றும் பயிற்சி. மூன்றாவது வாரம், தண்ணீர்கூடத் தானாக ஊற்றிக் குடிக்காத கணவன் டீ போட்டு அவள் கையில் கொடுத்தான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்தாள். அடுத்ததாக, எதிராளியை மறிக்கும் தடுப்பைத் தேர்ந்தெடுத்தாள். ஓ.எம்.ஆர் சாலையில் நடக்கும்போது லாரி வரும் பக்கம் அவன் வந்துகொண்டான். தன்னை ஒருவர் காப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்துத் திவ்யாவுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்த காய்ச்சல். படுக்கையில் குழந்தையின் கால்கள் இடமும் வலமுமாக விரிப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. யோகேஸ்வரி தளத்தை மறந்தாள். ஏழு வாரம்.

இன்றுதான் திவ்யா மறுபடி பள்ளிக்கூடம் போயிருந்தாள். மூன்று மணிக்கு விடுவார்கள். இரண்டே முக்காலுக்கு யோகேஸ்வரி வண்டிச் சாவியை எடுத்தாள்.

கீச்சென்று ஒரு சத்தம். பளபளத்த தரையில் ரப்பர் அடி தேயும் சத்தம். திரும்பினாள். வாசல் கதவுக்கு முன்னால் சம்பத். முழங்கால் மடங்கியிருந்தது. கைகள் இரண்டு பக்கமும் விரிந்திருந்தன. வெறுங்கால்.

"எங்க போற?"

"பாப்பாவ கூட்டிக்கினு வர."

"போயேன்," என்றான். நகரவில்லை.

இடப்பக்கம் போனாள். கீச். வலப்பக்கம் திரும்பினாள். கீச். அவள் நினைத்து முடிக்கும் முன்பே அவன் அங்கே இருந்தான். கண் மட்டும் அவள் இடுப்பைவிட்டு அசையவில்லை. கண்ணும் தோளும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. தடுப்பாட்டத்தின் முதல் பாடம். அந்தத் தளத்தில் அவளே படித்ததுதான்.

"யோகு." குரல் மட்டும் பழைய சம்பத்தின் குரல். "காலு என் பேச்ச கேக்கல. காலைலேர்ந்து இப்டித்தான் கீது."

நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. துடைக்கக் கை வரவில்லை அவனுக்கு.

அவள் பின்வாங்கி எதிர்வீட்டு ஜெனிட்டாவுக்குப் போன் செய்தாள். அவள் பெண்ணும் அதே பள்ளிக்கூடம். திவ்யாவையும் கூட்டிவரச் சொன்னபோது ஜெனிட்டா சிரித்தாள். "இன்னாக்கா, அண்ணன் காலைல கீழ கேட்டையே மறிச்சிகினு நின்னாரே, இன்னும் நிக்கிறாரா? வாச்மேனுக்கு ஒரே பேஜாரு. தன் வேல போயிடும்னு பயந்துகினுகீறான்."

லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டு ஐம்பத்தெட்டு. பயிற்சிப் பக்கம். தடுப்பை எடுத்துவிட்டு எதையாவது வைக்க வேண்டும். எதையாவது. அழுத்தினாள். வட்டம் சுற்றியது. மழையில் இணைப்பு இழுத்தது. மறுபடி அழுத்தினாள்.

மூன்று.

கணக்கிடப்படுகிறது என்று வந்தது. பிறகு பட்டியல்.

சம்பத்: தடுப்பு ஏறியது. திறமையின் படிகளுக்கு அந்தத் தளம் வைத்திருந்த பெயர்களெல்லாம் தீர்ந்துபோய், பெயர் இருந்த இடத்தில் வெறும் எண்.

கீழே இன்னொரு வரி.

திவ்யா: தடுப்பு ஏறியது.

யோகேஸ்வரி மேலே தேடினாள். ஆட்டக்காரன் ஒருவனுக்குக் கால் பிசகியிருந்தது. அவள் பார்க்காததால் தளமே இடத்தை நிரப்பியிருந்தது. பெஞ்சிலிருந்து ஒரு பெயரை இறக்கியிருந்தது. ஒரு ஆட்டம் மட்டும் இல்லை. ஏழு வாரம். எல்லா ஆட்டமும்.

சின்ன வயசுக்குப் பயிற்சி சீக்கிரம் ஏறும். அது விதி.

படுக்கையில் தேய்ந்த கால்கள். இடம். வலம். இடம்.

மூன்றரைக்கு லிப்ட் திறக்கும் சத்தம். ஜெனிட்டாவின் குரல். பிறகு தட்டல்.

"அம்மா."

சம்பத் திரும்பவில்லை. ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தாழ்ப்பாளை நீக்கினான். திவ்யா அவன் கைக்கு அடியில் நுழைந்து உள்ளே வந்தாள். நனைந்த சீருடை. அவன் கதவைச் சாத்தினான். ரப்பர் வாசனை கூடத்தை நிறைத்தது.

"பாப்பா, இங்க வா."

திவ்யா புத்தகப் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். ஷூவைக் கழற்றினாள். அப்பாவுக்கு இரண்டு அடி தள்ளி, பால்கனிக் கதவுப் பக்கம் போய் நின்றாள்.

முழங்காலை மடக்கினாள். சின்னக் கைகளை விரித்தாள்.

அம்மாவின் இடுப்பைப் பார்த்தாள்.