நிலவறைக்குப் போய் வந்தவர்கள்

லியோனெலின் இருமல் நின்றுபோயிருந்தது.

நிலவறை வாசலில் கவிழ்த்துப் போட்ட பழக்கூடையின் மேல் உட்கார்ந்திருந்த ஒதீல் அதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தாள். அவள் கணவன் லியோனெல் முப்பது வருடமாகப் புகைப்பவன். அவன் எங்கே இருக்கிறான் என்று அவள் ஒருநாளும் தேட வேண்டியிருந்ததில்லை. மாடியிலா, கார் கொட்டகையிலா, கடையில் எந்த வரிசையில் என்பதை இருமலே சொல்லிவிடும். இப்போதும், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து இறக்கிய அந்தச் சுரங்கத்துக்குள் மற்றவர்களோடு அவன் போனபோது, இருமல் சிறுத்துக்கொண்டே போவதைக் கேட்டபடிதான் இருந்தாள். அடுத்தடுத்து இரண்டு. சற்று விட்டு ஒன்று. பிறகு பாறையே தொண்டையைச் செருமியதுபோல் அடியாழத்திலிருந்து ஒன்று.

அதற்கப்புறம் இல்லை.

இருபதாவது கல்யாண நாளுக்கு மருந்துக்கடையில் அவளோடு வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து வாங்கித் தந்த பரிசு இந்தப் பயணம். காலை ஒன்பதரைக்கு தூர் நகர ரயில் நிலையத்து வாசலில் வேன் ஏறினால், லுவார் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்கள் மூன்றைப் பார்த்து, மூன்றிலும் ஒயின் ருசித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். வேனை ஓட்டுவதும் வழிகாட்டுவதும் மனோன் என்ற பெண், முப்பது வயதிருக்கும், ஓயாத வாய். பயணிகள் ஆறே பேர்: இவர்கள் இருவர், பெல்ஜியத்திலிருந்து ஒரு வயதான தம்பதி, லீல் நகரத்து அக்கா தங்கை இருவர்.

முதல் தோட்டத்தின் சொந்தக்காரர் ஷெவ்ரோ ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டுதான் அவர்களை உள்ளே அழைத்துப் போனார்.

"சாறு பீப்பாயில பொங்குற மாசம் இது. அது விடுற காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தரையோட தரையா படுத்துக் கெடக்கும். இது அணைஞ்சா ஒரு வார்த்தை பேசக்கூடாது, திரும்பி மேல ஏறிடணும். புரிஞ்சுதா?"

"கையில இருக்கிறத குடிச்சிட்டு ஏறலாமா, அப்படியே போட்டுட்டு ஏறணுமா?" என்றாள் லீல் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒதீல் மட்டும் வாசலிலேயே நின்றாள். மூடிய இடம் அவளுக்கு ஆகாது.

"விடுங்க, இவ லிஃப்ட்ல ரெண்டு நிமிஷம் மாட்டினதுக்கே ஊரைக் கூட்டினவ," என்றான் லியோனெல் மற்றவர்களைப் பார்த்து. "இங்கயே உக்காரட்டும். கூடைய யாரும் தூக்கிட்டுப் போகாம பாத்துக்குவா."

இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். நாற்பது ஆகிவிட்டது. அக்டோபர் வெயில் முற்றத்தில் மெல்லிசாக விழுந்திருந்தது. பிழிந்து கொட்டிய திராட்சைத் தோல் குவியலிலிருந்து ரொட்டி மாவும் அழுகிய ஆப்பிளும் கலந்த வாடை எழுந்தது. அதன் மேல் குளவிகள் ஏறுவதும் விழுவதுமாக இருந்தன. மேட்டில், கொடி வரிசைகளுக்கு நடுவே, பழம் பறிப்பவர்களின் குரல் எப்போதாவது காற்றில் வந்து போனது. சுரங்கத்தின் வாயிலிருந்து வந்த குளிர் மட்டும் விடாமல் அவள் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு படி இறங்கினாள். சுவரில் வரிசையாக எரிந்த விளக்குகள் வளைவு வரை தெரிந்தன. வளைவுக்கு அப்பால் மெழுகுவத்தியின் மஞ்சள் நிறம் பாறையில் அசைந்தது.

"லியோனெல்?"

அந்த மஞ்சள் ஒருமுறை குனிந்தது. அணைந்தது.

யாரும் ஓடி வரும் சத்தம் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அவள் கத்தினாள், அவன் பெயரை, பிறகு மனோன் பெயரை. குரல் உள்ளே போய் எங்கேயோ பஞ்சில் விழுந்ததுபோல் அடங்கியது. அவள் பை வேனுக்குள் இருந்தது, போன் பைக்குள். முற்றத்துக்கு ஓடினாள். வேன் பூட்டியிருந்தது. மேட்டைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஒருவரும் திரும்பவில்லை. மறுபடி வாசலுக்கு வந்தபோது காலடிச் சத்தம் கேட்டது.

ஏறி வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒரே வேகத்தில். முன்னால் ஷெவ்ரோ, பிறகு மனோன், பெல்ஜியத் தம்பதி, அக்கா, தங்கை, கடைசியில் லியோனெல். எல்லோர் செருப்பிலும் வெள்ளைத் தூசு.  ஒதீல் ஓடிப்போய் லியோனெலின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெழுகுவத்தி அணைஞ்சுதே. நான் பாத்தேனே."

"ஆமா மதாம், அணைஞ்சுது," என்றாள் மனோன். "எல்லாரும் வந்துட்டோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒதீல் ஷெவ்ரோவைப் பார்த்தாள். கையை இன்னும் இடுப்பு உயரத்தில் எதையோ பிடித்திருப்பதுபோலவே வைத்திருந்தார். அவ்வளவு இருட்டிலிருந்து நேராக வெயிலுக்கு வந்த ஏழு பேரில் ஒருவர்கூடக் கண்ணைச் சுருக்கவில்லை என்பது, வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மதியச் சாப்பாடு இரண்டாவது தோட்டத்து முற்றத்தில், நீள மேசையில். ஆட்டுப்பால் சீஸ், வதக்கிய பன்றி இறைச்சி, ரொட்டி. காலையில் வேனை அதிர வைத்துக்கொண்டு வந்த அக்காவும் தங்கையும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். லியோனெல் அவள் நாற்காலியை இழுத்துக் கொடுத்தான். தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவள் தோளில் போட்டான்.

"குளிருது உனக்கு, ஒதீல்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் 'ஏய்' என்பான், அல்லது 'இவளே' என்பான். தன் பெயரை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று கணக்குப் போட முயன்று விட்டுவிட்டாள்.

"என்ன ஆச்சு உனக்கு? ஒரு கோப்பை உள்ள போனதும் ரொம்ப நல்லவனாயிட்ட?"

"ஒண்ணுமில்ல. உன்கிட்ட நல்லா இருக்கலாம்னு தோணுச்சு."

அவனுடைய சிகரெட் பெட்டி சட்டைப் பையில் இருந்தபடியே இருந்தது. ரொட்டியைப் பிய்த்தான், பிய்த்ததைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். ஒரு குளவி வந்து அவன் தாடையில் உட்கார்ந்தது. மெதுவாகக் கன்னத்தில் ஏறியது. கண்ணோரத்து ஈரத்தில் நின்று முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. பிறகு, அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, திறந்த கண்ணின் மேல் ஏறி நடந்தது.

அவன் இமைக்கவில்லை.

ஒதீல் கைத்துணியால் அதைத் தட்டிவிட்டாள். அவள் விரல் அவன் கன்னத்தில் பட்டது. மதிய வெயிலில் உட்கார்ந்திருந்தவனின் கன்னம் பாறைச் சுவர்போல் ஈரமாக, சில்லென்று இருந்தது.

"நன்றி, ஒதீல்," என்றான்.

அப்புறம் ருசி பார்க்க உட்கார வைத்தார்கள். அந்தத் தோட்டத்துக்காரி கோப்பைகளில் ஊற்றிவிட்டு, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் என்ன வாசனை என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொன்னாள். பெல்ஜியக்காரர் கோப்பையைத் தூக்கினார்.

"ஈரக் கல்," என்றார்.

"ஈரக் கல்," என்றாள் அவர் மனைவி.

அக்கா சொன்னாள். தங்கை சொன்னாள். மனோன் சொன்னாள். ஒரே சொல், ஒரே இழுப்பு. தோட்டத்துக்காரி சிரித்து மழுப்பினாள்: "நல்ல குழுதான், பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?" ஒதீல் தன் முறைக்கு முகர்ந்து பார்த்தாள். சீமை மாதுளம்பழம், கொஞ்சம் தேன், அவ்வளவுதான். லியோனெலின் கோப்பையை ஓரக்கண்ணால் பார்த்தாள். உதட்டில் வைத்தான், சாய்த்தான், இறக்கினான். ஊற்றிய அளவு ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அங்கேயே அவள் எழுந்திருக்கலாம். தோட்டத்துக்காரியைத் தனியே கூப்பிட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது, டாக்டரைக் கூப்பிடு என்று சொல்லியிருக்கலாம். மருந்துக்கடையில் இருபது வருடம் நின்றவள். விஷக்காற்று தாக்கியவர்களுக்குப் புத்தி தடுமாறும் என்று அவளுக்குத் தெரியாதா? சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதற்குள் லியோனெல் அவள் கையைப் பிடித்துக் கொடிகளுக்கு நடுவே நடக்கக் கூட்டிப்போனான்.

இலைகள் பழுத்து மஞ்சளாகியிருந்தன. வரிசையின் பாதி தூரம் வரை அவள் கையை விடாமல் நடந்தான். பிறகு நின்றான்.

"அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கணும்."

எந்த நாளைச் சொல்கிறான் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, ஐந்தாவது மாதத்தில் அந்தக் குழந்தை தங்காமல் போனபோது, அவள் இரண்டு இரவு அந்தக் கட்டிலில் தனியாகப் படுத்திருந்தாள். வேலை இருந்தது என்றான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை. அவள் எடுத்த ஒரே தடவை தட்டைச் சுவரில் எறிந்தான்.

"நான் கீழ கார்லதான் உக்காந்திருந்தேன். ரெண்டு ராத்திரியும். மேல வர தைரியம் வரல. உன் மூஞ்சிய எப்படிப் பாக்கிறதுன்னு தெரியல."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "இத ஏன் இவ்வளவு நாள் சொல்லல?"

"நிலவறையில நிறைய நேரம் இருந்துச்சு. எல்லாத்தையும் சொன்னான்."

காற்று இலைகளைப் புரட்டியது. சொன்னேன் என்றுதான் சொல்லியிருப்பான். தன் காதில்தான் தப்பாக விழுந்திருக்கும். அவள் அப்படித்தான் வைத்துக்கொண்டாள். அவனுடைய குளிர்ந்த கை அவள் முதுகில் படிந்தபோது விலகவில்லை. அவன் மார்பில் தலை சாய்த்து அழுதாள், பத்தொன்பது வருட அழுகை. காது அவன் நெஞ்சில் அழுந்தியிருந்தது. உள்ளே எதுவும் கேட்கவில்லை. கெட்டிச் சட்டை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தோட்டத்தில் அவள் எதையும் பார்க்கவில்லை. கோப்பையை மட்டுமே பார்த்தாள். நிறையக் குடித்தாள்.

திரும்பும்போது ஆறரை. மழை பிடித்துக்கொண்டது, நல்ல குளிர். லியோனெல் அவளை வலது ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் அமர்ந்து கையைக் கோத்துக்கொண்டான். வேனுக்குள் ஒரு பேச்சில்லை. தூக்கம் கண்ணைச் சுற்றிய நேரத்தில், வெளியே என்ன ஊர் என்று பார்க்க ஜன்னலைத் துடைத்தாள். அவள் மூச்சில் கண்ணாடி பனித்திருந்தது. துடைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பனித்தது. ஒரு யோசனையும் இல்லாமல்தான் பார்வை அடுத்த ஜன்னலுக்குப் போனது.

தெளிவாக இருந்தது.

அதற்கடுத்தது. எதிர்ப்பக்கம். பெல்ஜியத் தம்பதியின் ஜன்னல், அக்கா தங்கையின் ஜன்னல், மனோனுக்கு முன்னால் இருந்த பெரிய கண்ணாடி. மழைத்துளி வெளியே ஓடியது. உள்ளே ஒரு பொட்டுப் பனி இல்லை. மூடிய வண்டிக்குள் ஏழு பேர். பனித்திருந்தது ஒரே ஒரு கண்ணாடி.

அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள்.

எஞ்சின். மழை. துடைப்பான்.

வேறெதுவும் இல்லை.

வேன் வேகம் குறைந்தது. முன்னால் பழம் ஏற்றிய டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நிற்க, வேனும் நின்றது. வலப்பக்கம் ஒரு மண்பாதை. பாதை முடிவில் முற்றம். பாறையில் கறுப்பாக ஒரு வாய். காலையில் அவள் உட்கார்ந்திருந்த இடம்.

அங்கிருந்து ஒருவன் வந்துகொண்டிருந்தான்.

தலையிலிருந்து கால்வரை வெள்ளை. விழுந்தான். கையை ஊன்றி எழுந்தான். மறுபடி விழுந்தான். டிராக்டரின் பின்விளக்கு வெளிச்சத்துக்குள் வந்தபோது மழை அவன் மேலிருந்த தூசைக் கழுவிக்கொண்டிருந்தது. நகங்கள் பிய்ந்து விரல்களில் ரத்தம். வாய் திறந்திருந்தது. அதிலிருந்து மூச்சு, புகைபோல, வெள்ளையாக, கொத்துக் கொத்தாக வந்தது.

லியோனெல்.

அவன் அவளைப் பார்த்துவிட்டான். கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று எதையோ கத்தினான்.

கோத்திருந்த விரல்கள் அவள் விரல்களை இதமாக அழுத்தின.

"வண்டிக் கதவத் திறக்கச் சொல்லட்டுமா, ஒதீல்?" என்றது பக்கத்தில் இருந்தது. கோபமில்லை. அவசரமில்லை. "நீ சொன்னா திறப்பாங்க."

முன் இருக்கைகளில் தலைகள் திரும்பின. அக்கா. தங்கை. பெல்ஜியத் தம்பதி. மேல்கண்ணாடியில் மனோனின் கண்கள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். காத்திருந்தார்கள்.

வாயைத் திறந்தாள்.

மூச்சு வந்தது. மூச்சு மட்டும்.

கண்ணாடி பனித்தது. முதலில் அவன் கண் மறைந்தது. பிறகு வாய். அவள் கையை எடுத்துத் துடைத்திருக்கலாம். ஒரு கை சும்மாதான் மடியில் கிடந்தது. அது மடியிலேயே கிடந்தது.

டிராக்டர் நகர்ந்தது. வேன் நகர்ந்தது.

பனிக்கு அப்பால் ஐந்து விரல்கள் கண்ணாடியில் பதிந்து, கூடவே கொஞ்ச தூரம் வந்தன.