அவள் போன அன்று வந்தவள்

வாசலில் கிடந்த பெண் செருப்பு இன்னும் சூடாக இருந்தது. தன் செருப்பை அதன் பக்கத்தில் கழற்றி விடும்போது கால் பட்டுத்தான் அவளுக்குத் தெரிந்தது. யாரோ ஒருத்தி இப்போதுதான் உள்ளே போயிருக்கிறாள்.

பதினாறு வருஷத்துக்கு முன், புருஷன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடக்க, இன்னொருத்தனை நம்பி இதே வாசலைத் தாண்டிப் போனவள் அவள். அந்த இன்னொருத்தன் கைவிட்டு வருஷக்கணக்காகிறது. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டு, ஒண்டிக்கொள்ள ஒரு மூலை கேட்கலாம் என்றுதான் ஊர் திரும்பியிருந்தாள். செருப்பைக் கண்டதும் அதெல்லாம் மறந்துபோனது. பொறாமைதான் மிஞ்சியது.

முன்னறையில் அவள் புருஷன், ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி செய்துதரும் கண்ணாடிக்காரர், மேஜைமேல் குனிந்து லென்ஸைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். கரகரவென்ற அந்தச் சத்தமும், ஈரக் கல்லின் வாடையும், சாத்திய ஜன்னல் இடுக்கில் கோடாக விழும் பிற்பகல் வெயிலும் அவள் விட்டுப்போனபடியே இருந்தன. அவர் தலை மட்டும் நரைத்திருந்தது.

"என்னங்க... நான்தான்."

"தெரியுது. உட்காரு."

குரலில் கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்றது.

கொடியில் அவர் சட்டையோடு தோள் உரசிக்கொண்டு ஒரு புடவை காய்ந்தது. உள்ளேயிருந்து பாத்திரம் கழுவும் சத்தம், அதற்கு நடுவே மெல்லிய முணுமுணுப்பாய் ஒரு பாட்டு. தான் உதறிவிட்டுப் போன இடத்தில் எவளோ இத்தனை நிம்மதியாகப் பாடுகிறாளே என்று அவளுக்குக் காது கூசியது.

"யாரு அவ?"

"அவதான் என்னைப் பொழைக்க வச்சா. நீ போன அன்னைக்குச் சாயங்காலமே வந்துட்டா."

"எவ, எங்கேர்ந்து வந்தான்னு கேக்கவே இல்லையா?"

"கேக்க என்ன இருக்கு? என் பொண்டாட்டிதானே."

"அப்ப நான் யாரு?"

அவர் லென்ஸைத் திருப்பிப் பிடித்தார். கல் சுழன்றுகொண்டே இருந்தது.

அவள் விருட்டென்று எழுந்தாள். மயிரைப் பிடித்து வெளியே இழுத்து வருகிற வேகத்தில் உள்ளே போனாள்.

பாட்டு நின்றது. தண்ணீர் நின்றது.

அடுக்களையில் இருட்டு. சோப்பு வாசம். முதுகு காட்டி ஒருத்தி. இடுப்புவரை கருங்கூந்தல். ஒரு நரை இல்லை.

"திரும்புடி."

திரும்பினாள்.

இருபத்தைந்து வயது முகம். உதட்டுக்கு மேல் மச்சம். ஒரு காலத்தில் கண்ணாடி முன் நின்று அவள் அலுக்காமல் பார்த்த முகம். அவளுடைய முகம்.

பயத்தை முந்திக்கொண்டு அப்போதும் பொறாமைதான் வந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறாள்!

பாத்திரம் கழுவியவளின் ஈரக் கை எழுந்தது. அவள் வாயைப் பொத்தியது. எலும்புவரை குளிர். கத்த முடியவில்லை. அசைய முடியவில்லை.

"பாத்து நடம்மா," என்றார் முன்னறையிலிருந்து கண்ணாடிக்காரர், தலை நிமிராமலே. "தரை ஈரமா இருக்கு. வழுக்கப் போகுது."

அந்தப் பரிவு தனக்கில்லை, எதிரே நிற்பவளுக்கு என்பது அவளுக்குப் புரிந்தது.

எதிரே அந்த முகம் வெட்கத்தோடு சிரித்தது. சிரித்த வாய் திறந்தது. பல் இல்லை. நாக்கு இல்லை. திறந்துகொண்டே போனது.