வண்டியில் ஏற மாட்டேன்

எங்கள் பள்ளியில் வருஷத்துக்கு ஒருமுறை நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓட வேண்டும். முழுச் சுற்று பன்னிரண்டு கிலோமீட்டர். கல்லும் முள்ளும் மேடும் பள்ளமுமான பாதை. கடைசி இரண்டு கிலோமீட்டர் மட்டும் அணைமேல் போகும். ஒன்பதரை மணிக்கு அணை வாசலிலிருந்து ஒரு வண்டி கிளம்பும். அந்த வண்டி யாரை முந்துகிறதோ, அவர் ஏறியே ஆக வேண்டும்.

வண்டியை ஓட்டுவது என் அம்மா.

போன வருஷம் நான் அணைமேல் கால் வைத்ததுமே வண்டி என்னை முந்திவிட்டது. தண்ணீர் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்து இறங்கினேன். என் வகுப்பில் ராக்கெட் என்று ஒருவன் உண்டு. ஓட்டத்தில் எப்போதும் முதலில் வருபவன். "நத்தைக்கு என்ன கவலை? அதான் அம்மா வண்டி இருக்கே" என்று கை தட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். நத்தை என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அழுதேன். பொய் சொல்வானேன், நன்றாகவே அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"அடுத்த வருஷம் உன் வண்டியில ஏற மாட்டேன்."

"ஏறாத. ஆனா உனக்காக மெதுவா ஓட்டுவேன்னு நினைச்சுக்காத. வேலைன்னா வேலை."

"மெதுவா ஓட்டினா உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றேன்.

மறுநாளே ஓட ஆரம்பித்தேன். மழை வந்தாலும் ஓடினேன், சளி பிடித்தாலும் ஓடினேன். முன்வைத்த காலைப் பின்வைக்கிற ஆள் நான் இல்லை.

இந்த வருஷ ஓட்டத்தில் ஏழாவது கிலோமீட்டர் வரை எல்லாம் சரியாகவே போனது. அங்கே கரை உள்வாங்கி வளைந்து போகும். எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் தெரியும். சுற்றிப் போனாலோ முழுசாக ஒரு கிலோமீட்டர்.

அந்த வளைவில் ஒரு பாறைமேல் ராக்கெட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆரம்பத்திலேயே தலைதெறிக்க ஓடி, மூச்சு வாங்கி, எல்லாரையும் முன்னே விட்டிருக்கிறான்.

"தண்ணி வத்திக் கிடக்கு. நான் குறுக்கே போகப் போறேன்" என்றான்.

"போகாத. மேலதான் காய்ஞ்சிருக்கு, அடியில சேறு. மீன் பிடிக்கிறவங்களே பலகை போட்டுத்தான் நடப்பாங்க."

"நத்தை சொல்லி நான் கேக்கணுமா?"

கேட்கவில்லை. பத்தடி போனான். பதினோராவது அடியில் முழங்கால் வரை உள்ளே போய்விட்டான். காலை இழுக்க இழுக்க இன்னும் இறங்கினான்.

'நல்லா வேணும்' என்று என் மனசு சொன்னது. மணி ஒன்பது ஆகியிருந்தது. அவனை விட்டுவிட்டு ஓடினால் நேரத்துக்கு அணைக்குப் போய்விடலாம். இரண்டடி ஓடியும் விட்டேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். போன வருஷம் கேன்களுக்கு நடுவே நானும் அப்படித்தான் கடித்துக்கொண்டேன்.

"ஆடாத, அப்படியே நில்லு" என்று கத்தினேன்.

மீன் பிடிக்கிறவர்களின் பலகை ஒன்று கரையில் கிடந்தது. அதை அவன் பக்கம் தள்ளினேன்.

"அதுமேல குப்புறப் படு. ஒவ்வொரு காலா, மெதுவா உருவு."

உருவினான். கால் வந்தது, ஷூ வரவில்லை. பலகைமேல் ஊர்ந்து ஊர்ந்து கரைக்கு வந்தான். யார் நத்தை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை, நேரம் இல்லை.

அவன் ஒற்றை ஷூவோடு நொண்ட, நாங்கள் அணை வாசலுக்குப் போனபோது மணி ஒன்பது ஐம்பது. வண்டி கிளம்பாமல் நின்றது. விளையாட்டு சார் பட்டியலை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தலை குறையுதேன்னு உயிரே போச்சு. நேரம் முடிஞ்சுது, ரெண்டு பேரும் ஏறுங்க."

ராக்கெட் ஏறினான்.

"நான் ஏற மாட்டேன் சார்" என்றேன். "வண்டி முந்தினாதானே ஏறணும்? வண்டி இன்னும் கிளம்பவே இல்லையே."

"வாய் மட்டும் நல்லா ஓடுது" என்றார் சார்.

உள்ளேயிருந்து ராக்கெட் தலையை நீட்டினான். "சார், நான் சேத்துல மாட்டிக்கிட்டேன். இவதான் இழுத்துப் போட்டா. இல்லேன்னா எப்பவோ வந்திருப்பா."

சார் தலையைச் சொறிந்தார். "சரி, ஓடு. வண்டி முந்தினா மறு பேச்சு பேசாம ஏறணும்."

"நான் என் வேகத்துலதான் வருவேன்" என்றார் அம்மா.

"வா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சார் யோசிக்காத ஒன்றை நான் யோசித்து வைத்திருந்தேன். அணைமேல் மூன்று இரும்புக் கேட்டுகள் இருக்கின்றன. ஆள் பக்கத்துச் சந்தில் நுழைந்து போய்விடலாம். வண்டி நிற்க வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், தாண்டியதும் மறுபடி பூட்ட வேண்டும். துருப்பிடித்த பூட்டுகள் வேறு. போன வருஷம் வண்டியிலிருந்து இறங்கி இறங்கி அந்த மூன்றையும் திறந்து மூடியவள் நான்தான்.

முதல் கேட்டைத் தாண்டினேன். பின்னால் வண்டிச் சத்தம். இரண்டாவதைத் தாண்டியபோது கால் கல்லாய்க் கனத்தது. "சாவியை இந்தப் பக்கம் திருப்புடா" என்று அம்மா குரல் கேட்டது. மூன்றாவது சந்தில் நான் நுழையும்போது வண்டி என் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். பூட்டு கிளிக்கென்றது, கேட் கிறீச்சிட்டது, வண்டி உறுமியது. முடிவுக் கோடு தெரிந்தது. ஏற மாட்டேன், ஏற மாட்டேன் என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னேன்.

கோட்டைத் தாண்டிய பிறகுதான் வண்டி என்னைத் தாண்டியது.

ராக்கெட் சேறும் சகதியுமாக இறங்கி வந்தான். எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அவன் என்னைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னான்.

"ஒத்த ஷூவோட ஓடி ஓடித்தான் கேட்டைத் திறந்தேன். அப்பவும் உன்னைப் பிடிக்க முடியல."

யாரும் சிரிக்கவில்லை.

அம்மா இன்ஜினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஓட்டவே இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"வீட்டுக்குப் போகணும். இப்பவாவது ஏறுவியா?" என்று கேட்டார்.

"ஏறுறேன்" என்றேன். "ஆனா முன் சீட்டுலதான்."