முத்திரை விழுந்த கை

மேட்டு வளைவில் திரும்பியதும் ஊர் தெரிந்தது. ஆனால் ஒரு பிள்ளையின் சத்தமும் கேட்கவில்லை.

அர்த்தனாரி நின்றான். போன வாரம் இதே இடத்தில் அவன் தலையைக் கண்டதும் பிள்ளைகள் கத்திக்கொண்டு மிளகுக் கொடிகளுக்குள் ஓடி ஒளிந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து உட்கார வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அம்மை குத்தப் போகிற ஊரெல்லாம் அப்படித்தான். சர்க்கார் சம்பளத்தில் அவனுக்கு அதுதான் வேலை. மலைமேல் குண்டனி நாட்டின் இந்தக் கோடி ஊரில் இன்று குத்துவதற்கு எதுவுமில்லை. குத்திய இடம் கொப்புளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருட்டுவதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும். தகரப் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு இறங்கினான்.

பிற்பகல்தான். ஆனாலும் பள்ளத்திலிருந்து ஏறிவந்த பனிமூட்டம் பலாமரங்களை இடுப்புவரை விழுங்கியிருந்தது. அதன்மேல் கூரைகள் மட்டும் மிதந்தன. ஈரமண்ணின் மணம், மாட்டுக் கொட்டகையின் நெடி, எங்கோ பழுத்து வெடித்த பலாவின் திகட்டும் தித்திப்பு, இவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு வாடை, மயிர் பொசுங்கினாற்போல. கோழி வாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் வீட்டு வாசலில் ஒருத்தி நின்றிருந்தாள். சிரிக்கவுமில்லை, உள்ளே போகவுமில்லை. அவன் கடந்து போனதும் அவள் இறங்கி வரும் காலடி கேட்டது. அடுத்த வீட்டிலிருந்தும் யாரோ இறங்கினார்கள். திரும்பிப் பார்த்தபோது ஏழெட்டுப் பேர் பனிக்குள் முகம் தெரியாமல் நின்றார்கள். அவன் நடந்தால் நடந்தார்கள்.

சென்றாயன் தன் வீட்டு முன்னால் காத்திருந்தார். போன முறை அர்த்தனாரிக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தவர் அவர்தான்.

“வாங்க சாமி. வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தோம்.”

“பிள்ளைங்க எங்கீங்கண்ணா? ஒருத்தரையும் காணோம்.”

“ஊட்டுக்குள்ளதான் இருக்குதுங்க. உள்ள வாங்க, மஞ்சு மூடுது பாருங்க.”

குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு தாழ்ந்த நிலைவாசல். உள்ளே அடுப்பு எரிந்தது. சென்றாயனின் மனைவி அத்தாயி முதுகைக் காட்டியபடி அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய ஒரே மகள் பொன்னாயி. வெளியே பின்தொடர்ந்து வந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். வெளிச்சம் குறைந்தது.

சாமைச் சோறு வந்தது. பசி இருந்தும் இறங்கவில்லை. அந்த வாடை வீட்டுக்குள் இன்னும் கனமாக இருந்தது. விளக்கெண்ணெயும் அரைத்த மஞ்சளும் அதோடு கலந்து தொண்டையில் ஒட்டியது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து புறா குமுறுவதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. காது கொடுத்தான். அதற்கும் அப்பாலிருந்து இன்னொன்று. அது புறா இல்லை. அழுது ஓய்ந்துபோன பிள்ளை முனகுகிற சத்தம்.

“யாருக்குங்க உடம்பு சரியில்லை?”

பக்கத்து வீட்டுக் காளியண்ணன் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தார். மடியில் கொடுவாள் இருந்தது. பலா வெட்டுகிற கொடுவாள்தான்.

“காய்ச்சலா இருந்தா எங்கிட்ட மருந்து இருக்குதுங்க,” என்று எழுந்தான் அர்த்தனாரி.

“காய்ச்சல் இல்லீங்க,” என்றார் காளியண்ணன். பின்னால் கையை நீட்டி, தன் மகனை முன்னால் இழுத்தார். பையன் கையில் சுற்றியிருந்த வாழையிலையை மெல்லப் பிரித்தார். பையன் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

அம்மை குத்திய இடம் இல்லை. அந்த இடத்தில் கருகி விளிம்பு சுருண்ட ஒரு குழி இருந்தது. உள்ளே ஈரமாகச் சிவந்திருந்தது.

“யாருங்க இப்படிச் செஞ்சது?”

“நாந்தான்,” என்றார் காளியண்ணன். “என்ற மவனுக்கு வேற யாரு செய்வா?”

அர்த்தனாரி பின்னால் நகர்ந்தான். முதுகில் சுவர் தட்டியது.

சென்றாயன் குரலை உயர்த்தாமல் பேசினார். “போன வருசம் சர்க்காராளு வந்து காட்டு மரத்துலயெல்லாம் சுத்தியலால முத்திரை போட்டுட்டுப் போனாங்க. சும்மா அடையாளம்னாங்க. மறு மாசமே அத்தனையும் வெட்டி எறக்கிட்டாங்க. தடுக்கப் போன என்ற தம்பிய விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் ஊடு வந்து சேரலீங்க. இப்பக் கீழ ஆத்துல அணை கட்டுறாங்களாம். எத்தனை தடவை கட்டினாலும் நிக்கலியாம். அடியில புள்ளைங்களப் பலி வெச்சாத்தான் நிக்குமாம். நீங்க வந்து புள்ளைங்களுக்கு முத்திரை போட்டுட்டுப் போயிட்டீங்க.”

“அது முத்திரை இல்லீங்கண்ணா. பெரியம்மை வராம இருக்கிறதுக்கு. சத்தியமா.” சட்டைக் கையைச் சுருட்டினான். “பாருங்க, எனக்கும் இருக்குது. சின்ன வயசுல குத்தினது. எனக்கு என்ன ஆச்சு?”

எல்லோரும் அந்தத் தழும்பைப் பார்த்தார்கள். வாசலில் ஒரு பெண் மூச்சை உள்ளிழுத்தாள்.

“உங்களையும் அப்பவே எடுத்துக்கிட்டாங்களா சாமி,” என்றார் சென்றாயன். அவர் குரலில் இரக்கம் இருந்தது.

திட்டியிருந்தால் கெஞ்சலாம். அடித்திருந்தால் கத்தலாம். இவர்கள் அவன்மேல் கோபமாகவே இல்லை. பயந்திருந்தார்கள். அவனைவிட அதிகமாக.

“ஊருல எல்லாருக்கும் எடுத்தாச்சு. என்ற மவளுக்கு மட்டுந்தான் பாக்கி,” என்றார் சென்றாயன். “எனக்குக் கை வரலீங்க. பெத்தவளுக்கும் வரல. நீங்க வெச்சது. நீங்களே எடுத்துருங்க.”

அத்தாயி அப்போதுதான் திரும்பினாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அடுப்புக்குள்ளிருந்து பழைய அரிவாளொன்றை இழுத்தாள். நுனி பழுத்துச் சிவந்திருந்தது. ஈரத்துணி சுற்றிய பிடியை அவன் பக்கமாக நீட்டினாள்.

“பாத்து எடுங்க சாமி. கொஞ்சமா எடுங்க,” என்றாள்.

“என்னால முடியாதுங்க.”

காளியண்ணன் மடியிலிருந்த கொடுவாளைக் கீழே வைக்கவில்லை. உயர்த்தவும் இல்லை. “எடுக்காம எப்படீங்க போவீங்க?” என்றார்.

வாசல் முழுக்க ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் வெறும் வெள்ளை. எந்தப் பக்கம் தடம், எந்தப் பக்கம் பள்ளம், தெரியாது. கத்தினாலும் கேட்பதற்கு யாருமில்லை. ராசிபுரத்து வீட்டில் மனைவி விளக்கேற்றுகிற நேரம். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடலாம். ஓடு. கால் வரவில்லை. கைதான் வந்தது. தன் கை பிடியைப் பற்றுவதை அவன் பார்த்தான். சூடு முகத்தில் அடித்தது.

பொன்னாயியைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்தார்கள். கொப்புளம் பிசகில்லாமல் எழும்பியிருந்தது. நடுவில் லேசாகக் குழிந்து, சுற்றிலும் இளஞ்சிவப்பு. அவன் குத்தியதில் எதுவுமே இவ்வளவு நன்றாக எழும்பியதில்லை.

வாசலில் நின்றவர்கள் நெருங்கினார்கள். மூச்சுச் சத்தம். அடுப்பின் சடசடப்பு. வேறொன்றுமில்லை.

அப்போது யாரோ பேசினார்கள். கனிவான குரல். பயமே இல்லாத குரல். அது தன்னுடையது என்று அவனுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

“வலிக்காது கண்ணு.”

பொன்னாயி தலையாட்டினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையை அவன் மடியில் வைத்தாள்.